சிற்றாறு: அருவிக்குக் கீழே ஓடும் ஆறு

குற்றாலத்துக்குப் போய்ட்டு வந்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "எந்த ஆத்துத் தண்ணியில குளிச்சீங்க?" மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு அருவிகளோட பேரை வரிசையாச் சொல்வாங்க. ஆறு பேர் கேட்டா பெரும்பாலானவங்க யோசிப்பாங்க. அருவின்னா என்ன? ஓர் ஆறு மலையை விட்டுத் தரைக்கு இறங்குற இடம். இறங்கின பிறகு அது எங்கே போகுது, யாருக்குத் தண்ணி குடுக்குது, எங்கே போய் முடியுதுங்கிறதை அருவிக்கு முன்னாடி நிக்கும்போது யாரும் நினைக்கிறதில்லை.

அந்த ஆற்றுக்குப் பேர் சிற்றாறு. தாமிரபரணியின் துணையாறு. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடி, திருநெல்வேலிக்கு வடகிழக்கே சீவலப்பேரியில் தாமிரபரணியோட சேருது. தாமிரபரணியே மொத்தம் 125 கிலோமீட்டர் அளவுதான். அதை வச்சுப் பார்த்தா இது ஒண்ணும் அவ்வளவு சின்ன ஆறு இல்லை. ஆனா பேரிலேயே "சிறு" ஒட்டிக்கிச்சு.

இந்த ஆற்றைப் பத்திப் பேசுறவங்க வழக்கமா மலையில ஆரம்பிச்சுத் தென்காசியோட நிறுத்திடுவாங்க. நான் இந்த எபிசோடில் மேல் பகுதியைச் சீக்கிரமா கடந்துட்டு, கீழே, கடைமடையில நின்னு பேசப் போறேன். இந்த ஆற்றின் சரித்திரம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கு.

முதல்ல பேர். திருநெல்வேலிப் பக்கம் யாரும் "சிற்றாறு"ன்னு திருத்தமாச் சொல்ல மாட்டாங்க. "சித்தாறு"தான். காற்று காத்தாகுது, சோற்றுக்குச் சோத்துக்குன்னு ஆகுது, அதே மாதிரி சிற்றாறு சித்தாறு ஆயிடுச்சு. இதுல ஒரு மர்மமும் கிடையாது. ஆனா பேச்சில் "சித்தாறு"ன்னு கேட்டவங்களுக்கு அதில் வேற ஒண்ணும் கேட்டிருக்கு. குற்றாலத்தில் நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இருக்கில்லையா, சுவர் முழுக்க ஓவியம் தீட்டின சபை. தலபுராணத்தில் ஆறும் "சித்திரா நதி" ஆயிடுச்சு. கோயில் சார்ந்தவங்க இன்னைக்கும் அந்தப் பேரைத்தான் விரும்புவாங்க. எனக்குப் படுறது, முதல்ல இருந்தது சிற்றாறுதான். தாமிரபரணிக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தவன் வச்ச பேர் அது. பெரிய ஆறு ஒண்ணு, சின்ன ஆறு ஒண்ணு. ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க: கன்னியாகுமரி மாவட்டத்திலும் சிற்றாறு உண்டு, சிற்றாறு ஒன்று, இரண்டுன்னு அணைகளும் உண்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

இனி மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகூட மலைன்னு சொல்ற பகுதியில் ஆறு பிறக்குது. மேலே தேனருவி, அதுக்குக் கீழே செண்பகாதேவி அருவி, அதையெல்லாம் தாண்டித்தான் மெயினருவியாக் கீழே விழுது. நாம குளிக்கிற இடத்துக்கு வர்றதுக்குள்ள அது ஏற்கெனவே பல தடவை விழுந்து எழுந்த தண்ணி. ஐந்தருவித் தண்ணி தனி ஓடையா வந்து பிறகு இதோட சேருது. அழுதகண்ணியாறுன்னு இன்னொண்ணு. என்ன பேர் பாருங்க! அதுவும் இந்த ஆற்றுக்குத்தான் வருது.

குற்றாலத்துக்கு மட்டும் ஏன் ஜூன் மாசம் மழை? தமிழ்நாட்டின் பெரும்பகுதி அந்த நேரத்தில் மழைமறைவில் காய்ஞ்சு கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிட்டு மலையில் முட்டி நின்னுடுது. ஆனா செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து, ஆரியங்காவு வழியா ஒரு வாசல் இருக்கு. காற்றும் மேகமும் அந்த வாசல் வழியா இந்தப் பக்கம் நுழையுது. அதுதான் சாரல். ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும், நல்ல வருஷமா இருந்தா. இந்தச் சாரலும் காடும்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் மாதிரியான தாவரவியலாளர்களைக் குற்றாலத்துக்கு இழுத்துட்டு வந்தது.

இந்தச் சாரல் வாசலோட அகலம் ரொம்பக் கம்மி. குற்றாலத்தில் நனையுறவன் அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் பஸ்ல போனா வெயில்ல நிப்பான். சாரல் சீசன்ல மெயினருவியில வெள்ளம், குளிக்கத் தடைன்னு டிவியில படம் காட்டுற அதே நாள்ல, கங்கைகொண்டான் பாலத்துக்குக் கீழே அதே ஆறு வெறும் மணலாக் கிடக்கிறது உண்டு. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி சொல்லப்போறது எல்லாமே இதுல இருந்துதான் கிளம்புது.

மலையை விட்டு இறங்கின ஆறு தென்காசியைத் தொடுது. பராக்கிரம பாண்டியன் 1446-ல் ஆரம்பிச்சுக் கட்டின காசி விசுவநாதர் கோயில் ஊர். அந்தக் காலத்துல மதுரை பாண்டியர் கையை விட்டுப் போயாச்சு. தெற்கே ஒதுங்கின பாண்டியர்கள் இந்த ஆற்றங்கரையில் தங்களுக்கு ஒரு காசியை உண்டாக்கிக்கிட்டாங்க. காசின்னா ஆறு வேணும்தானே. பராக்கிரமன் தன் கல்வெட்டில், பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பாத்தப் போறவங்களைப் பணிஞ்சு வேண்டிக்கிறான். வரப்போற ஆபத்தைத் தெரிஞ்சவன் பேச்சு மாதிரி இருக்கும். கோபுரம் பிற்காலத்தில் சிதைஞ்சு நெடுங்காலம் மொட்டையா நின்னுச்சு. 1990-ல்தான் புதுக்கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

தென்காசி யானைப்பாலத்துக்குப் பிறகு ஆறு ரோட்டை விட்டு வடக்கே விலகிடும். ஆலங்குளம் வழியா திருநெல்வேலிக்கு பஸ்ல போறவங்க கண்ணுல அது படாது. இந்த ஆற்றை ஜனங்க மறந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். ரோட்டோட கூட வர்ற ஆறு ஞாபகத்தில் இருக்கும்.

வடக்கே இருந்து வர்ற துணையாறுகள் அனுமன் நதியும் கருப்பாநதியும். வீரகேரளம்புதூர்ப் பக்கம் அந்தத் தண்ணியும் சிற்றாற்றுக்கு வந்து சேருது. இந்த ஆற்றுத் தொகுதியில் இருக்கிற அணைகள் எல்லாம் துணையாறுகளில்தான். செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணை, 36 அடி. மேக்கரையில் அனுமன் நதிக்குக் குறுக்கே அடவிநயினார் அணை, 132 அடி. கடையநல்லூர்ப் பக்கம் கருப்பாநதி அணை, 72 அடி. தாய் ஆறான சிற்றாற்றில் தேக்கி வைக்கிற மாதிரி பெரிய அணை ஒண்ணும் கிடையாது. இதையும் மனசுல வச்சுக்கோங்க. இன்னொண்ணு, செங்கோட்டை 1956 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியோடதான் இருந்தது. மெயினருவி சென்னை மாகாணம், செங்கோட்டை ஓடைகள் இன்னொரு ராஜ்யம். அரசாங்கம் ரெண்டானாலும் தண்ணி ஒரே பள்ளத்தில்தான் வந்து சேர்ந்தது.

வீரகேரளம்புதூர் பேர்லயே கேரளம் இருக்கு. பிற்காலத்தில் ஊற்றுமலை ஜமீனுக்கு அதுதான் தலைநகர். காவடிச்சிந்து பாடின அண்ணாமலை ரெட்டியார் இருதயாலய மருதப்பத் தேவரோட அவையில் இருந்தவர். பாட்டு கழுகுமலை முருகன் மேல, ஆனா ஆதரிச்சது இந்த ஆற்றங்கரை. அதைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் போடலாம், இப்ப வேண்டாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தென்காசியில இருந்து சீவலப்பேரி வரைக்கும் சிற்றாற்றில் ஒரு டஜனுக்கு மேல அணைக்கட்டுகள் இருக்கு. அணைக்கட்டுன்னதும் மேட்டூர் மாதிரி நினைக்காதீங்க. ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் போட்ட ஒரு தாழ்வான தடுப்பு. தண்ணியை அது தேக்கி வைக்காது. மட்டத்தைக் கொஞ்சம் தூக்கி ஓரத்துக் கால்வாய்க்குள்ள தள்ளிவிடும். மிச்சம் தடுப்பு மேலேயே வழிஞ்சு அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். கால்வாய் போய் ஒரு குளத்தை நிரப்பும். அந்தக் குளம் நிறைஞ்சா மறுகால் பாயும். அந்த மறுகால் தண்ணி அடுத்த குளத்துக்கு. அதுவும் நிறைஞ்சா அதுக்கும் கீழே. தண்ணியைத் தேக்குற வேலையைக் குளம் செய்யுது, திருப்புற வேலையைத்தான் அணைக்கட்டு செய்யுது. நூற்றுக்கணக்கான வருஷமா இப்படித்தான்.

கேட்கிறதுக்கு அழகான ஏற்பாடு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேல் அணைக்கட்டுக்காரன் தடுப்பு மேல ரெண்டு அடிக்கு மண்ணும் தழையும் வச்சு உயர்த்திட்டா? மேல் குளத்துக்காரன் மறுகாலை அடைச்சுட்டா? கீழே இருக்கிறவனுக்கு ஒரு சொட்டு வராது. பெரிய அணை இருக்கிற ஆற்றுல ஷட்டர் சாவி ஒருத்தர் கையில இருக்கும், போய் அவர்கிட்ட சண்டை போடலாம். இங்கே சாவி ஊருக்கு ஊர் இருக்கு.

திருநெல்வேலிச் சீமையில் நெல்லுக்கு ரெண்டு பருவம். கார், பிசானம். சாரல் தண்ணியை நம்பி ஜூன்ல தொடங்குறது கார். ஐப்பசி மழையை நம்பிப் போடுறது பிசானம். சிற்றாற்றுத் தலைப்பகுதிக்காரன் பல வருஷங்களில் ரெண்டும் எடுப்பான். கடைமடைக்காரனுக்குக் கார் என்பது பெரும்பாலும் வார்த்தை மட்டும்தான். சாரல் தண்ணி அவன்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள மேலே தீர்ந்துடும். வடகிழக்குப் பருவமழை நல்லாப் பெஞ்சு, மேல் குளங்கள் எல்லாம் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சாத்தான் அவன் நாற்றுப் பாவ முடியும்.

அந்தக் கடைமடைக் குளங்களில் பெரியது மானூர்ப் பெரியகுளம். திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டில் மானூர். சிற்றாற்றில இருந்து கால்வாய் வழியா வர்ற தண்ணிதான் அந்தக் குளத்துக்கு ஆதாரம். மானூர்க் குளம் நிறைஞ்சா அந்த வட்டாரத்தில் அது பேப்பர்ல வர்ற செய்தி. ஒரு குளம் நிறையுறது செய்தி ஆகுதுன்னா, அது எவ்வளவு அபூர்வம்னு புரிஞ்சுக்கோங்க.

இதே மானூர் தமிழ் வரலாற்றில் இன்னொரு காரணத்துக்காகப் பேர் வாங்கின ஊர். ஊராட்சி, குடவோலைன்னா நாம எல்லாரும் உத்திரமேரூர்னு சொல்றோம். பராந்தக சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகள். அதுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாடி, கி.பி. 800-ஐ ஒட்டி, மாறஞ்சடையன் என்ற பாண்டியனோட 35-ம் ஆட்சியாண்டில், மானூர் சபை தனக்கு விதி எழுதி வச்சிருக்கு. சபையில் யார் உட்காரலாம்? ஊர்ல பங்கு உள்ளவன். அதுலயும் தர்ம சாஸ்திரமும் வேதமும் கற்றவனா, நல்ல நடத்தை உள்ளவனா இருக்கணும். இது பிரம்மதேயம், அதனால சபையும் பிராமணர் சபை. ஊர் முழுசுக்குமான ஜனநாயகம்னு இதைத் தூக்கி வைக்க முடியாது. வயல்ல இறங்கினவனுக்கு அங்கே வாய் இல்லை.

ஆனா அதுல ஒரு விதி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. எதைச் சொன்னாலும் "இல்லை, கூடாது"ன்னு குறுக்கே விழுந்து சபை வேலையை நடக்க விடாம செய்றவனுக்கு ஐந்து காசு தண்டம். அவனுக்குத் துணை நிக்கிறவனுக்கும் அதே தண்டம். 1200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூட்டத்தில் எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போட்ட ஒருத்தன் இருந்திருக்கான். அவன் தொல்லை தாங்காமத்தான் கல்லுல வெட்டியிருக்காங்க. பேர் தெரியலைன்னாலும் ஆளை நமக்குத் தெரியும், நம்ம அபார்ட்மென்ட் சங்கத்திலும் அவன் இருக்கான்.

இப்போ என் ஊகத்தைச் சொல்றேன், ஊகமாவே எடுத்துக்கோங்க. கல்வெட்டு தண்ணியைப் பத்திப் பேசலை. ஆனா தண்ணி கடைசியா வந்து சேர்ற ஒரு ஊர்ல, "கூட்டம் நடந்தே ஆகணும், முடிவு எடுத்தே ஆகணும்"ங்கிற அவசரம் ஏன் வந்திருக்கும்? தலைமடைக்காரன் கூட்டத்தை ஒத்திப் போடலாம், அவன் வயல்ல தண்ணி நிக்குது. கடைமடைக்காரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மடை திறக்கிற நாள் தவறினா பயிர் போச்சு.

மானூருக்குப் பக்கத்திலேயே உக்கிரன்கோட்டை. இதுவும் சிற்றாற்றுப் பாசன ஊர்தான். களக்குடி நாட்டுக் கரவந்தபுரம்னு பாண்டியர் சாசனங்களில் வர்ற ஊர் இதுதான்னு அறிஞர்கள் அடையாளம் காட்டுறாங்க. பேர்ல இருக்கிற கோட்டை வெறும் பேர் இல்லை, முற்காலப் பாண்டியர்களுக்குத் தெற்கே இருந்த அரண். மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலையில் நரசிம்மர் குடைவரை இருக்கு இல்லையா? அதைச் செய்வித்த மாறன் காரி, பாண்டியனோட மந்திரி, இந்தக் கரவந்தபுரத்துக்காரர். கல்வெட்டு கி.பி. 770. குடைவரையைப் பிரதிஷ்டை செய்றதுக்கு முன்னாடியே அவர் இறந்துட்டார், தம்பி மாறன் எயினன் வந்து முடிச்சு வச்சார். மதுரையில் மந்திரியா உட்கார ஆள் அனுப்புற அளவுக்கு இந்தச் சின்ன ஆற்றின் கடைமடை அன்னைக்கு வளமா இருந்திருக்கு.

அடுத்து கங்கைகொண்டான். ராஜேந்திர சோழனோட பட்டப்பேரைத் தாங்கின ஊர். சோழன் பாண்டிநாட்டைப் பிடிச்சு வச்சிருந்த காலத்தோட அடையாளம். இன்னைக்குப் போனா கைலாசநாதர் கோயில், சிப்காட் தொழிற்பேட்டை, புள்ளிமான் சரணாலயம் மூணும் ஒரே ஊர்ல பார்க்கலாம். மதுரை-திருநெல்வேலி ரயில்ல வர்றவங்க இங்கே ஒரு பாலத்தைத் தாண்டுவாங்க. கீழே இருக்கிறதுதான் சிற்றாறு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தா எட்டிப் பாருங்க, குற்றாலத் தண்ணி மிச்சம் இருக்கான்னு.

கடைசியா சீவலப்பேரி. இந்தப் பேரைச் சொன்னதும் பாதிப் பேருக்கு நெப்போலியன் நடிச்ச சினிமாதான் ஞாபகம் வரும். அது இருக்கட்டும். ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பேரால் அமைந்த பேரேரி, பேச்சுல தேய்ஞ்சு சீவலப்பேரி ஆச்சு. பேரே ஒரு நீர்நிலை. இங்கேதான் சிற்றாறு தாமிரபரணியில் சேருது. கயத்தாற்றுப் பக்கமிருந்து வர்ற கோதண்டராம நதி என்ற ஓடையும் இங்கே வந்து சேருது. மூணு தண்ணி கூடுற இடம். அதனால் முக்கூடல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்கணும். இன்னைக்கு "முக்கூடல்"னா எல்லாரும் பாப்பாக்குடிப் பக்கம் தாமிரபரணிக் கரையில இருக்கிற, பீடித் தொழிலுக்குப் பேர் போன ஊரைத்தான் நினைப்பாங்க. முக்கூடற்பள்ளு பாடுற முக்கூடல் அது இல்லை. அது சீவலப்பேரி. பள்ளில் வர்ற அழகர் கோயில் இங்கேதான் இருக்கு. வடகரை நாட்டை ஆசூர் என்றும் தென்கரை நாட்டைச் சீவலமங்கை என்றும் நூல் பிரிச்சுப் பாடுது. சீவலமங்கையும் அதே ஸ்ரீவல்லபன் பேர்தான். பள்ளனுக்கு ரெண்டு மனைவி, ஒருத்தி முக்கூடற்பள்ளி, இன்னொருத்தி மருதூர்ப்பள்ளி. மருதூர் என்ற பேரில் இங்கிருந்து கொஞ்சம் கீழே தாமிரபரணியில இப்பவும் ஓர் அணைக்கட்டு இருக்கு. எல்லாம் கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கிற நிலம். ஆனா கல்லூரியில் இந்த நூலைப் பாடமாப் படிச்ச எத்தனையோ பேர் வேற முக்கூடலை மனசுல வச்சுக்கிட்டுத்தான் படிச்சிருக்காங்க.

ஆசிரியர் பேர் இல்லாம வழங்கின நூல் அது. மழைக்குறி பார்க்கிறது, ஆற்றில் வெள்ளம் வர்றது, மீன் வகை, மாட்டு வகை, நெல் விதைகளோட பேர், எல்லாம் வரிசையா வரும். மானூர்க் கல்வெட்டில் வாய் இல்லாம இருந்தவன் இங்கே பேசுறான். பண்ணைக்காரனைக் கேலி பண்றான், ரெண்டு பெண்டாட்டி நடுவுல மாட்டி முழிக்கிறான், தொழுவுல கட்டையில மாட்டப்பட்டுத் தண்டனையும் அனுபவிக்கிறான். நகைச்சுவை நூல்னு சிரிச்சுப் படிக்கிறோம். எனக்கு அந்தத் தண்டனைப் பகுதி வரும்போது சிரிப்பு வர்றதில்லை. அதே சமயம், ஆற்றுல வெள்ளம் வந்தா முதல்ல யார் சந்தோஷப்படுவாங்கன்னு சரியாத் தெரிஞ்ச நூல் அது. வெள்ளம் கடைமடைக்கு வந்தாத்தான் அங்கே வேலை, அங்கே கூலி.

இன்னைக்கு நிலைமை என்ன? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. சிற்றாற்றின் தலை தென்காசி மாவட்டத்தில், மானூரும் கங்கைகொண்டானும் சீவலப்பேரியும் திருநெல்வேலி மாவட்டத்தில். நிர்வாகத்துக்கு மாவட்டம் சின்னதா இருக்கிறது நல்லதுதான். ஆனா முன்னாடி கடைமடை விவசாயியும் தலைமடை விவசாயியும் ஒரே கலெக்டரோட குறைதீர்க்கும் கூட்டத்தில் உட்கார்ந்தாங்க. இப்ப ரெண்டு கலெக்டர், ரெண்டு கூட்டம். மேல் குளத்து மறுகாலைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறவன் தன் மாவட்டத்தைத் தாண்டிக் கேட்கணும்.

வெள்ளக் காலத்தில் கதையே தலைகீழ். தாமிரபரணிக்குப் பாபநாசம், மணிமுத்தாறுன்னு அணைகள் இருக்கு, கொஞ்சமாவது பிடிச்சு வைக்கலாம். சிற்றாறு அந்த அணைகள் எல்லாத்துக்கும் கீழே வந்து சேருற ஆறு. தன் மேலும் பெரிய அணை இல்லாத ஆறு. 2023 டிசம்பர் மழை மாதிரி ஒரு மழை பெய்ஞ்சா, சீவலப்பேரியில் கூடுற சிற்றாற்று வெள்ளத்தைப் பிடிக்க ஆள் கிடையாது. அது நேரா மருதூர், திருவைகுண்டம்னு போகும். தூர்ந்து போன ஒவ்வொரு குளமும் அந்த வெள்ளத்தோட கணக்குல சேருது. ஏன்னா அந்தக் குளங்கள்தான் இந்த ஆற்றோட அணை.

இந்த ஆற்றைப் பார்க்கணும்னு தோணுறவங்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை மாசம் போங்க, ஆடியில் வேண்டாம். குற்றாலத்தில் ஆரம்பிக்காதீங்க. திருநெல்வேலியில இருந்து டவுன் பஸ் பிடிச்சுச் சீவலப்பேரியில இறங்கி, துர்க்கையம்மன் கோயிலைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போனா, ரெண்டு தண்ணி நிறம் வேறயா வந்து கலக்கிறதை மழை நல்லாப் பெஞ்ச வருஷத்தில் பார்க்கலாம். அங்கிருந்து மேல்நோக்கி வாங்க. மானூர்ல குளத்தைப் பாருங்க, சிவன் கோயில்ல கல்வெட்டைப் பாருங்க, உக்கிரன்கோட்டைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. அருவி கடைசியா இருக்கட்டும்.

அடுத்த எபிசோடில் தாமிரபரணியோட தென்கரைக்குப் போறோம், பச்சையாறு.